ஒரு பிளேன்ரீ நேரம் போட்டுப் பார்த்த சப்பாத்து

போன வருடம் வெருகல் சைக்கிள் ஓட்டத்துக்குப் போன என் வாப்பா, மீன் லொறியில் திரும்பி வந்தார்.

கிண்ணியாவில் புறப்பட்டு, மூதூர், கட்டைபறிச்சான், இலங்கைத்துறை வழியாக வெருகல் பாலம் வரை போய், வந்த வழியே திரும்புவதுதான் அந்த ஓட்டம். நூறு கிலோமீற்றருக்கு மேல். போட்டி என்று சொல்ல முடியாது. முதலாவது, இரண்டாவது எல்லாம் இல்லை. முடித்தவர்களுக்குப் போட்டுக்கொள்ள ஒரு ரீசேட் கொடுப்பார்கள். வாப்பா வெருகல் வரை பாடிக்கொண்டே போனாராம். திரும்பும்போது இலங்கைத்துறையில் இறங்கி, வீதியோரம் உட்கார்ந்து, காலில் இருந்த சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு இனி ஏலாது என்று சொல்லிவிட்டார். அந்த வழியால் மீன் ஏற்றி வந்த லொறிக்காரர் றுவைஸ், ஐஸ் பெட்டிகளுக்கு மேல் சைக்கிளையும் தன் பக்கத்தில் வாப்பாவையும் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் இறக்கினார். உம்மா வெளியே வந்து பார்த்து, முதலில் கேட்டது என்ன மீன் என்றுதான்.

ஒரு மாதம் ஊருக்கு அதுதான் கதை. வாப்பாவின் கடைக்கு வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தார்கள். வாப்பாவும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். ஆனால் சைக்கிளைச் சுவரோடு சாத்தி, மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடிவிட்டார். அந்தச் சாக்கை அவர் பார்க்கும் விதத்தில் சிரிப்பு இருக்கவில்லை.

என் வாப்பா ஸஹாப்தீனுக்கு நாற்பத்தேழு வயது. வாகன இருக்கைகளுக்குக் குஷன் வேலை செய்கிறார். ஓட்டோ சீற், மோட்டார் சைக்கிள் சீற், சில வேளை பஸ் சீற். வீட்டின் முன் அறைதான் கடை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. புதுச் சீற் தைக்க வருகிறவரை ஸ்பொஞ்ச் வைத்த பலகையில் உட்கார வைத்துவிட்டு, குசினிப் பக்கம் பார்த்து, பால் விடாத தேநீர், ஒரு பிளேன்ரீ கேட்பார். அதைக் குடித்து முடிக்கும்வரை அந்த ஆள் எழும்பக் கூடாது. முதல் நிமிடத்தில் எந்த ஸ்பொஞ்சும் சுகமாகத்தான் இருக்கும். பத்தாவது நிமிடத்தில் ஆள் எந்தப் பக்கம் அசைகிறார் என்று பார்த்துத்தான் வெட்ட வேண்டும் என்பார். அவசரக்காரர்கள் ஊதி ஊதிக் குடித்துவிட்டு எழும்பப் பார்ப்பார்கள். அதற்காகவே உம்மா அதைக் கொதிக்கக் கொதிக்க அனுப்புவார்.

சைக்கிள் வந்தது சீனி வருத்தம் என்கிற நீரிழிவால். தினமும் நடக்கச் சொல்லிக் கிளினிக்கில் சொன்னார்கள். வாப்பாவுக்கு நடப்பது பிடிக்காது. போகிற இடமெல்லாம் யாராவது மறித்துச் சீற்றைப் பற்றிக் கதைப்பார்கள். வெளிநாடு போக இருந்த ஒருவர் விற்ற ரேஸ் சைக்கிளை வாங்கினார். அதன் பெடல் மற்றச் சைக்கிள்களில் உள்ளதைப் போன்றதல்ல. அதற்கென்று ஒரு சப்பாத்து இருக்கிறது. அதன் அடியில் உள்ள துண்டு பெடலில் கொளுவிக்கொள்ளும். சப்பாத்து இல்லாவிட்டால் கால் வழுக்கும். ஒரு வருடத்தில் சீனி இறங்கியது. அது மட்டுமல்ல. பகல் முழுக்க மற்றவர்கள் எப்படி உட்காருகிறார்கள் என்று யோசிக்கிற தனக்கு, கிண்ணியாப் பாலத்தில் ஏறியதும் ஒரு யோசனையும் வருவதில்லை என்று ஒருமுறை சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகம் சின்னப் பிள்ளையின் முகம் போல இருந்தது.

முதல் சப்பாத்தைத் தோஹாவிலிருந்து அனுப்பியவர் உம்மாவின் தம்பி, என் மாமா பாயிஸ். அதுவரை வாப்பா வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் சப்பாத்துப் போட்டிருந்தார், தன் கல்யாணத்தன்று. எங்கள் ஊரில் கல்யாணச் சப்பாத்தை எல்லாரும் ஒரு சைஸ் குறைத்துத்தான் வாங்குவார்கள். தோல் இழுபடும், இரண்டு நாளில் சரியாகும் என்பார்கள். வாப்பா அதையே நம்பி, ஒரு சைஸ் குறைத்து எடுக்கும்படி மாமாவிடம் சொன்னார். சைக்கிள் சப்பாத்தில் தோலே இல்லை. அடிப்பக்கம் பலகை மாதிரி; வளையக் கூடாது என்றே அப்படிச் செய்கிறார்கள். அது இழுபடவில்லை. வாப்பாவின் கால்தான் அதற்குள் மடங்கிக் கிடந்து, இலங்கைத்துறையில் கைவிட்டது.

இந்த வருட ஓட்டத்துக்கு ஆறு கிழமை இருக்கும்போது வாப்பா மறுபடியும் பெயர் கொடுத்தார். அன்று சாப்பிடும்போது எங்களிடம் சொன்னார்:

“இந்த முறையும் முடிக்க ஏலாட்டி சைக்கிள வித்துப்போட்டு, எல்லாரையும் போலக் கடற்கரையில நடக்கிறன்.”

அவர் அதைப் பகிடியாகச் சொல்லவில்லை.

சப்பாத்துத் தேடுகிற பொறுப்பு என்னிடம் வந்தது. நான் புள்ளிவிபரவியல் படித்தவள். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள். பட்டம் கிடைத்து ஒன்றரை வருடமாக வேலை தேடுகிறேன். அதுவரை, எழுத்து இருக்கிற எதுவும் என் கைக்குத்தான் வரும்: மருந்துப் பெட்டி, வங்கிக் கடிதம், பக்கத்து வீட்டுப் படிவம். தெரியாது என்று சொன்னால், நாலு வருடம் என்ன படித்தாய் என்று யாரும் கேட்கப் போவதில்லை. நானே கேட்டுக்கொள்வேன் என்பதுதான் சிக்கல்.

ஒரு நாள் விடியக்காலை சுபஹுத் தொழுகை முடிந்து வந்த வாப்பாவைக் கதிரையில் இருத்தி, காலுக்குக் கீழே தாள் வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டேன். குதியிலிருந்து பெருவிரல் நுனி வரை அளந்தேன். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை அளந்து சராசரி எடுத்தேன். இணையத்தில் இருந்த சைஸ் அட்டவணையோடு ஒப்பிட்டு ஓடர் போட்டேன். பத்து நாளில் கறுப்பு நிறத்தில் அழகான ஒரு சோடி வந்தது. வாப்பா போட்டுப் பார்த்தார். விரல் நுனிக்கு முன்னால் இருக்க வேண்டிய இடைவெளி அப்படியே இருந்தது. நல்லம் மகள் என்றார். என் பட்டத்தை அன்று முதன்முதலாகப் பயன்படுத்தியது போல இருந்தது எனக்கு.

இரண்டு கிழமை கழித்து, பின்னேரம் சைக்கிளில் போய் வந்த வாப்பா குழாயடியில் தொழுகைக்குக் கைகால் கழுவி உழூச் செய்துகொண்டிருந்தார். காலைக் கழுவும் இடத்துக்கு வந்ததும் கை மெதுவானது. சின்னவிரல் பக்கம் தண்ணீர் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். இரண்டு காலிலும் சின்னவிரலுக்குக் கீழே, சிவப்பாக ஒரு பட்டி.

“வாப்பா, சப்பாத்து கடிக்குதா?”

“கடிக்கல்ல. லேசாக் கதைக்குது.”

“எங்க போகக்குள்ள கதைக்கத் தொடங்கும்?”

“பாலம் தாண்ட முன்னமே.”

“அப்ப ஏன் இவ்வளவு நாளும் சொல்லல்ல?”

வாப்பா குழாயை மூடினார். “நீ படிச்சுப் பார்த்து வாங்கினது, மகள். என்ட கால்லதான் பிழை எண்டு நினைச்சன்.”

நான் குனிந்து அந்தப் பட்டியை மறுபடி பார்த்தபோது, குசினி யன்னலுக்குள்ளிருந்து உம்மாவின் குரல் வந்தது. உம்மாவின் பெயர் சுபைதா. அவர் எங்கே நின்றாலும் எல்லாம் கேட்கும்.

“கால்லயும் பிழையில்ல, படிப்பிலயும் பிழையில்ல. கடைக்கு வாறவனையெல்லாம் தேத்தண்ணி முடியுமட்டும் இருத்தி வெச்சுத்தான ஸ்பொஞ்ச வெட்டுறீங்க? அந்தத் தேத்தண்ணியெல்லாம் ஊத்தினவள் நான். உங்கட கால மட்டும் விடியக்காலையில ரெண்டு நிமிசத்தில அளந்தாச் சரிவருமா?”

வாப்பா யன்னலைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார்.

“மகள், சீற் தைக்க வாற ஆள நான் நிக்க வெச்சா அளக்கிற?”

“இல்ல.”

“அப்ப மிதிக்கிற கால நீ ஏன் இருத்தி வெச்சு அளந்த?”

ஈரக் காலைத் துடைத்துவிட்டு, நான் எடுத்து வந்த அதே தாளில், அதே இடத்தில், இந்த முறை எழும்பி நின்றார். நான் மறுபடி கோடு போட்டேன். நீளத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் விரல்கள் தொடங்கும் இடத்தில், விடியக்காலைக் கோட்டைத் தாண்டிப் பின்னேரக் கோடு வெளியே வீங்கி நின்றது. செருப்போடு வளர்ந்த கால். வெயிலில் இரண்டு மணித்தியாலம் மிதித்துவிட்டு வந்த கால்.

உள்ளே போய் அந்த அட்டவணையைத் திறந்தேன். அகலத்துக்கும் ஒரு நிரல் இருந்தது. அதை நான் காணாமல் விட்டதல்ல. கண்டேன், சின்ன எழுத்தில் இருந்ததால் முக்கியமில்லை என்று நானே முடிவு செய்தேன். நான் நீளத்தை மட்டும் பார்த்து முடிவெடுத்த விசயங்கள் இன்னும் எத்தனை இருக்கும் என்று யோசித்தேன். வாப்பாவிடம் மன்னிப்புக் கேட்கப் போனபோது அவர் தொழுது முடித்து, யாருடையதோ ஓட்டோ சீற்றுக்கு ரெக்சின் வெட்டிக்கொண்டிருந்தார். நாளைக்கு ரவுனுக்குப் போவோம், நீயும் வா என்றார்.

திருகோணமலை ரவுனில் பிரகலாதனின் சைக்கிள் கடை இருக்கிறது. வாப்பா பின்னேர வெயிலில் சீனன்குடா வழியாகச் சைக்கிளில் போனார். நானும் உம்மாவும் ஸ்கூட்டியில் பின்னால் போனோம். உம்மாவின் மடியில் ஒரு பிளாஸ்க். எதற்கென்று நான் கேட்கவில்லை.

பிரகலாதனிடம் நாலு சோடி இருந்தன. வேர்வை வழிய வந்து நின்ற வாப்பாவைப் பார்த்து, ஃபானுக்குக் கீழே கொஞ்ச நேரம் ஆறுங்கள் என்றார். ஆறக்கூடாது என்று வாப்பா சொன்னார். கால் இப்போது எப்படி இருக்கிறதோ அப்படியே உள்ளே போக வேண்டும். சைக்கிளை ஒரு ஸ்ராண்டில் ஏற்றி நிறுத்தச் சொல்லிவிட்டு முதல் சோடியைப் போட்டுக்கொண்டு ஏறினார். உம்மா பிளாஸ்க்கைத் திறந்து கோப்பையில் ஊற்றினார்.

“என்ன ராத்தா, எங்கட கடையில ஒரு தேத்தண்ணி தரமாட்டமெண்டு நினைச்சனீங்களோ?” என்றார் பிரகலாதன்.

“நீங்க ஊத்துறது ஆறிரும், தம்பி. இது ஆறாது.”

முதல் சோடி கோப்பை பாதியாகும் முன்பே தோற்றது. இரண்டாவது முழுக் கோப்பைக்கும் தாங்கியது. ஆனால் கடைசி மிடறில் வாப்பா இடது குதியைத் தூக்கி அசைத்தார். அவருக்கே தெரியாமல் அசைத்தார். நான் பார்த்துவிட்டேன். பலகையில் உட்காருகிறவர்களை அவர் பார்ப்பது போல நானும் அன்று அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இது இல்லை என்றேன். அவர் மறுபேச்சில்லாமல் கழற்றினார். மூன்றாவது சோடிக்குள் கால் போகவே இல்லை.

நாலாவது சோடியைக் காட்டப் பிரகலாதனுக்கே விருப்பம் இல்லை. அதற்குள் கடைப் பூட்டுகளின் திறப்புகளைப் போட்டு வைத்திருந்தார். முன்பக்கம் அகலமாக, வாத்தின் கால் மாதிரி. நிறம் கிளிப்பச்சை.

“நானா,” என்றார் வாப்பாவை அண்ணன் முறை வைத்து. “இது இரண்டு வருசமாக் கிடக்குது. பார்க்கிற ஆக்கள் எல்லாரும் சிரிச்சிட்டுப் போறாங்கள்.”

“மீன் லொறியில வந்தவனுக்குச் சிரிப்புப் புதுசா, தம்பி?”

திறப்புகளைக் கொட்டிவிட்டு வாப்பா அதைப் போட்டார். ஒரு கோப்பை முடிந்தது. கால் அசையவில்லை. இன்னொரு கோப்பை கேட்டார். அதுவும் முடிந்தது. சீனி போடாத தேநீர்தான் என்றாலும் போதும் என்று உம்மா பிளாஸ்க்கை மூடினார். வாப்பா பெடலை மிதித்தபடி எங்களிடம் நாளை என்ன சமையல் என்று கேட்டார். காலைப் பற்றி அவர் மறந்துவிட்டார். அது போதும் எனக்கு.

ஓட்டம் நடந்த நாள் நானும் உம்மாவும் மூதூர் வீதியில், ஓட்டம் முடியும் பாலத்தடியில் காத்திருந்தோம். பத்தரை மணிக்கு என் போன் அடித்தது. லொறிக்கார றுவைஸ்.

“தங்கச்சி, உங்கட வாப்பா இலங்கைத்துறையில சைக்கிள விட்டு இறங்கி இருக்கார். போன வருசம் இருந்த அதே இடம்.”

கால் எப்படி, நோகிறதா என்று கேட்கச் சொன்னேன். கேட்டுவிட்டு வந்து மறுபடி எடுப்பதாகச் சொல்லிப் போனை வைத்தார். அந்தப் பத்து நிமிடமும் உம்மா பாலத்தைப் பார்த்தபடி நின்றார். நான் கிளிப்பச்சைச் சப்பாத்தையும், சுவரோடு இருந்த சாக்கையும், இனி யார் வீட்டுக்கோ போகப் போகும் சைக்கிளையும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன் மறுபடி அடித்தது.

“லொறியில ஏறுங்க நானா எண்டு நானும் பகிடிக்குக் கேட்டனான். கடையில ஒரு பிளேன்ரீ வாங்கி, சப்பாத்தோடயே இருந்து குடிச்சிட்டு, எழும்பிப் போயிட்டார். கோப்பைய என்ட கையில தந்திட்டுப் போறார், தங்கச்சி.”

உம்மாவிடம் சொன்னேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெயில் என்றார்.

ஒரு மணி தாண்டி, பாலத்தின் அந்தப் பக்கத்திலிருந்து முதலில் தெரிந்தது சப்பாத்துதான். இரண்டு பச்சைப் புள்ளிகள் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தன. அதற்குப் பிறகுதான் வாப்பா தெரிந்தார். அவருக்குப் பின்னால் மூன்று பேர் மட்டும் இருந்தார்கள். வந்து நின்று, இறங்கி, சப்பாத்தைக் கழற்றாமல் டக்கு டக்கென்று தார் வீதியில் நடந்து போய் ரீசேட்டை வாங்கினார். பெரிய சைஸ்கள் எல்லாம் முடிந்துவிட்டனவாம். கையில் கொடுத்தது ஒரு சைஸ் சின்னது.

“பரவாயில்ல,” என்றார் வாப்பா. “துணிதான, இழுபடும்.”

உம்மா பிளாஸ்க்கைத் திறந்து ஒரு கோப்பை ஊற்றி நீட்டினார். ரீசேட்டைப் போட்டுக்கொண்டு குடிக்கச் சொன்னார்.