மூன்று மூட்டை ஏலக்காயும் பாதித் தோட்டமும்

ஏலக்காய் விலை இறங்கத் தொடங்கிய அந்த வருடம் போடியில் எல்லோரும் யாரையாவது திட்டிக்கொண்டிருந்தார்கள். டீக்கடையில் வியாபாரிகளைத் திட்டினார்கள், பஸ்சில் வெளிநாட்டுக் காயைத் திட்டினார்கள். நானும் சேர்ந்துகொண்டேன். திட்டும் நேரத்தில் மட்டும் நெஞ்சுப் படபடப்பு கொஞ்சம் அடங்கும்.

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். பல வருடம் அடுத்தவர் தோட்டங்களில் கூலிக்குப் போய், பிறகு மலையில் இரண்டு ஏக்கரைக் குத்தகைக்குப் பிடித்தேன். செடியெல்லாம் நானும் மனைவியும் வைத்தது. பங்குனி முடிவதற்குள் குத்தகைப் பணம் வராவிட்டால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று தோட்டத்துக்காரர் சொல்லியிருந்தார். என்னிடம் இருந்தது வீட்டு உள்ளறையில் அடுக்கிய மூன்று மூட்டைக் காய்.

உலர்த்தி இறக்கிய அன்றே விற்றிருந்தால் குத்தகை போகக் கையில் மிஞ்சியிருக்கும். இன்னும் ஏறும் என்று வைத்தேன். இறங்கியது. இறங்கின விலைக்கு விற்க மனசு வரவில்லை. மேலும் இறங்கியது.

ஏலக்காயை இருப்பு வைக்கிறவர்கள் பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை இறுகக் கட்டி, மேலே சாக்குப் போடுவார்கள். கட்டிய பிறகு விற்கிற நாள் வரை தொடக் கூடாது. காற்றும் வெளிச்சமும் பட்டால் பச்சை வெளுத்துவிடும். அந்தப் பச்சைக்குத்தான் விலை. எனக்குத் தெரியாததில்லை. அடுத்தவர்களுக்குச் சொல்லியே இருக்கிறேன். ஆனாலும் தினமும் ஏல விலை செல்போனில் வந்ததும் கை தானாகப் போய்க் கட்டை அவிழ்க்கும். பூச்சி விழுந்திருக்குமோ? ஈரம் ஏறியிருக்குமோ? ஒரு கை அள்ளி ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்ப்பேன். அதில் அரை மணி நேர நிம்மதி கிடைக்கும்.

"அதென்ன தொட்டில் புள்ளையா, தொட்டுத் தொட்டுப் பாக்க? வித்துத் தொலைங்க" என்பாள் மனைவி.

"ரெண்டு நாள் பொறு. ஏறும்."

"யாரு சொன்னா?"

"சொல்றாக."

"சொல்றவுகளா வந்து குத்தகை கட்டப் போறாக?"

விலை என்ன என்று அவள் கேட்டால் கொஞ்சம் கூட்டியே சொல்லிவந்தேன்.

பங்குனியில் பத்து நாள் மிச்சமிருந்தபோது ஒரு பை காயை மாதிரிக்கு எடுத்துக்கொண்டு ஏலக்காய்க் கடைக்குப் போனேன். கடைக்காரர் தட்டில் கொட்டி, விரலால் பரப்பினார். ஒரு காயை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன மாப்ளே, காயெல்லாம் மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கு? மூட்டையத் தெறந்தியா?"

"இல்லண்ணே. நல்ல காயி. மார்க்கெட்டுத்தேன் சரியில்ல."

"மார்க்கெட்டு வெலையத்தேன் எறக்கும். நெறத்தையுமா எறக்கும்?"

எடை போடுகிறவர் சிரித்துவிட்டார். "அண்ணே தெனமும் மூட்டைகிட்ட சொகம் விசாரிச்சிருப்பாரு."

கடையே சிரித்தது. காது சுட்டது. இன்னொரு பொய்க்கு வாய் திறந்தேன். யாரைச் சொல்வது? வீட்டில் அந்த மூட்டையைத் தொட்டது நான் ஒருவன்தான்.

"நாந்தேன் தெறந்தேன், தெனமும்" என்றேன்.

சிரிப்பு நின்றது. கடைக்காரர் ஒரு விலை சொன்னார். அன்றைய விலையிலும் குறைவு. "வச்சிருந்து பாக்குறதுன்னா பாரு மாப்ளே" என்றார். அந்த ஒரு பேச்சுக்கு மனசு எப்படித் தாவியது என்பது எனக்குத்தான் தெரியும். தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம்ணே. இன்னிக்கே எடுத்துக்கங்க."

பாதிக் குத்தகைக்குத்தான் வந்தது. வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன், விலையைக் கூட்டிச் சொன்னதையும் சேர்த்து. மனைவி காதுத் தோட்டைத் தொட்டாள்.

"இத அடகு வச்சிருவமா?"

"வேணாம். அத வச்சா, திருப்பறதுக்கு வெல ஏறணும்னு மறுபடியும் காத்துக் கெடக்கணும். இருக்குற காசுக்கு எம்புட்டுத் தோட்டமோ அம்புட்டுப் போதும்."

மறுநாள் காலை கூலிக்குப் போகிறவர்களின் ஜீப்பில் நெருக்கியடித்து இருவரும் மேலே போனோம். தோட்டத்துக்காரர் பணத்தை வாங்கி, நான் சொன்னதைக் கேட்டுத் தலையாட்டினார்.

"சரி, பாதி. எந்தப் பாதி?"

இதை நான் யோசித்து வரவில்லை. மேல் பாதியில் செடிகள் நல்ல காய்ப்பில் இருந்தன; தண்ணீர் கிடையாது. கீழ்ப் பாதியில் ஓடை உண்டு; செடிகள் போன வருடம் வைத்தவை.

"ரெண்டு நாள்ல சொல்றேனே."

"இந்தா, குத்தகை கேட்டு ஆளு உக்காந்திருக்கு. இப்பவே சொல்லு."

மனைவியைப் பார்த்தேன்.

"என்னைய எதுக்குப் பாக்குறீக? சொல்லுங்க" என்றாள்.

"மேப்பாதி" என்றேன். "எளஞ்செடி காய்க்கிற வரைக்கும் தாக்குப்பிடிக்க எங்கிட்ட காசில்ல."

கையெழுத்துப் போட்டபோது என் பெயரே கோணலாக வந்தது. சரியாகத்தான் சொன்னேனா என்று இன்றைக்கும் சில நாள் நினைப்பு வரும்.

வெளியே வந்ததும் மனைவி நேராக ஓடைக்கு இறங்கி, நாங்கள் போட்டிருந்த தண்ணீர்க் குழாயைச் சுருட்ட ஆரம்பித்தாள். மறுமுனையைப் பிடித்தேன்.

"மேல பக்கத்துத் தோட்டத்துல கெணறு இருக்குல்ல. கேட்டா தண்ணி விடுவாகளா?" என்றாள்.

"கேட்டுப் பாப்போம்."

"பாப்போமா?"

"இப்பவே போறேன்" என்று குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினேன்.