கண் மங்கியதைத் தானே சொன்னவர்

சென்ற வெள்ளிக்கிழமை காலை வண்டி எடுக்கும் நேரத்தில், டைம்கீப்பர் என் அருகே வந்து, "கோதண்டம் அண்ணன் பூட்டாருபா" என்றார். மாகறல் பஸ்ஸில் போய்வந்த பலருக்கு அவர் இறந்தது இன்னும் தெரிந்திருக்காது. அதனால் எழுதுகிறேன்.

அந்தத் தடத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் அவர் டிரைவர், நான் கண்டக்டர்.

ஓர் ஐப்பசி மழையில், வண்டி நிறையக் கல்யாணக் கூட்டம். ஆற்றுத் தரைப்பாலத்தின்மேல் தண்ணீர் ஓடியது. கோதண்டம் எஞ்சினை நிறுத்திவிட்டார். "லாரி போவுது, உனக்கென்ன பயம்?" என்று மாப்பிள்ளையின் மாமா கத்தினார். "முகூர்த்தம் போனா வேற பாக்கலாம். ஆளு போனா?" என்றார் இவர். தண்ணீர் வடிய இரண்டு மணி நேரமாயிற்று. போன லாரிக்கு ஒன்றும் ஆகவில்லை. முகூர்த்தம் தவறிவிட்டது. கோதண்டமே பெண் வீட்டாரிடம் போய்க் கைகூப்பினார். "லேட்டானதுக்கு மன்னிச்சுக்குங்க. நிறுத்தினதுக்கு இல்ல."

ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தபோது, ஏனாத்தூர் அருகே ஒரு மாட்டுவண்டியை உரசுகிற மாதிரி போய் நிறுத்தினார். யாருக்கும் அடியில்லை, யாரும் புகார் சொல்லவுமில்லை. மறுநாள் அவரே முதலாளியிடம் போய், வலது கண் மங்கிவிட்டது, இனி ஓட்டமாட்டேன் என்று சொல்லிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. "பொண்ணு கல்யாணம் இருக்குதே அண்ணா, சமாளிச்சிருக்கலாமே?"

"எனக்குத் தெரியுது, கண்ணு போயிக்கினு இருக்குதுன்னு. பின்னாடி தூங்கிக்கினு வர்றவங்களுக்குத் தெரியாதேபா."

வீட்டில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடியற்காலையில் குளித்துக் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெறுமனே உட்கார்ந்திருப்பார் என்று அவர் மனைவி சொல்லி வருந்தினார். சில மாதங்கள் கழித்து, சின்ன காஞ்சிபுரத்திலிருந்து தினமும் பஸ் நிலையத்துக்கு நடந்துவர ஆரம்பித்தார். எழுத்துத் தெரியாதவர்களுக்கு எந்த வண்டி எங்கே போகும் என்று சொல்வார். அதற்குள் இடது கண்ணும் மங்கி, போர்டு அவர் கண்ணுக்கே தெரியாது. எஞ்சின் சத்தத்தை வைத்துச் சொல்வார். ஒருநாளும் தப்பியதில்லை. "ஸ்டியரிங்தான் போச்சு, ஜனங்க போவலையே" என்று சிரிப்பார்.

எனக்கு ஒரு வருடமாகக் காது மந்தம். இறங்க வேண்டியவர்கள் கூப்பிடுவது கேட்காமல், இரண்டு முறை வண்டியை எடுக்கச் சொல்லி விசில் கொடுத்திருக்கிறேன். ஒருமுறை ஒரு கர்ப்பிணிப் பெண் படியில் தடுமாறினாள். வேலை போய்விடுமே என்று யாரிடமும் மூச்சு விடவில்லை.

அவரை அடக்கம் செய்த மறுநாள், முதலாளியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். இனி என்ன வேலை என்று தெரியவில்லை. ஆனால் சொல்லும்போது என் குரல் நடுங்கவில்லை. கோதண்டம் அண்ணன் எனக்கு விட்டுப்போனது அந்தத் துணிச்சல்.