கோட் சூட்டோடு வந்த ஆட்டக்காரர்: ஒஸ்லோவிலிருந்து ஓர் ஐஸ் ஹொக்கிப் பயணம்

நவம்பர் நடுப்பகுதியில் ஒரு சனிக்கிழமை, அப்பாவும் நானும் ஐஸ் ஹொக்கிப் போட்டி ஒன்று பார்க்கப் போனோம். எங்கள் வீட்டில் அதற்கு முன் யாருமே அந்த விளையாட்டை நேரில் பார்த்ததில்லை. போனதற்கு ஒரே காரணம் நிரூ அண்ணா. அவர் ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மாவின் மகன். அமெரிக்காவில் ஒரு கல்லூரி அணியில் நான்கு வருடம் விளையாடி, கடைசி வருடம் அந்த அணியிலேயே அதிக கோல் அடித்தவர். அந்தக் கல்லூரி மண்டபத்துச் சுவரில் அவருடைய படம் ஆளுயரத்தில் இருக்கிறது. படிப்பு முடிந்ததும், ஓகஸ்ட்டில், நோர்வேக் கழகம் ஒன்று அவரைச் சம்பளத்துக்கு எடுத்தது. ஆனால் கிறிஸ்மஸ் வரைக்கும்தான். அதற்குப் பிறகு வைத்திருப்பதா அனுப்பிவிடுவதா என்பதை ஆட்டத்தைப் பார்த்து முடிவெடுப்பார்கள்.

"ஒருக்காப் போய்ப் பிள்ளையைப் பாத்து, எனக்கு வீடியோவிலை காட்டுங்கோ" என்று பெரியம்மா அப்பாவிடம் கேட்டிருந்தார். அப்பா உடனே சம்மதித்தார். நான் நூலகத்தில் இரண்டு புத்தகம் எடுத்து வாசித்து, கொப்பியில் பதினொரு பக்கம் குறிப்பெழுதினேன். இவ்வளவு படித்துவிட்டுப் போயும் அன்று நடந்ததில் பாதி எனக்கு இன்னும் விளங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

காலை 11.20க்கு ரொம்சோஸில் தேபானே என்ற நிலத்தடி ரயிலில் ஏறினோம். எங்கள் நிலையம் பாறையைக் குடைந்து கட்டியது, கீழே இறங்கவே சில நிமிடம் வேண்டும். இருபது நிமிடத்தில் குறொன்லாண்ட். அங்கே ஒரு சேலைக் கடையில் அப்பா பொன்னாடை வாங்கினார். சிவப்பில் தங்கக் கரை, 180 குரோனர்.

"ஹொக்கிக்குப் பொன்னாடையோ அப்பா?"

"வெறுங்கையோடை போறதே? நோர்வேக்காரருக்கு ஹொக்கி விளையாடுற முதல் தமிழ்ப் பிள்ளை."

"முதல் ஆள் எண்டு ஆர் சொன்னது?"

"அப்ப ரெண்டாவது ஆள் ஆரெண்டு சொல்லு பாப்பம்."

பத்து நிமிடம் நடந்து மத்திய நிலையத்துக்குப் போய்த் திராமன் ரயிலைப் பிடித்தோம். ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர், முப்பத்தைந்து நிமிடம். குறொன்லாண்டில் இன்னொரு கடையில் வாங்கிய மட்டன் றோல்ஸை ரயிலிலேயே சாப்பிட்டு முடித்தோம். திராமனில் பஸ் மாறி இன்னும் இருபத்தைந்து நிமிடம் போகவேண்டும். அந்தச் சின்ன ஊரின் பெயரையும் கழகத்தின் பெயரையும் எழுதவேண்டாம் என்று அண்ணா கேட்டுக்கொண்டார்.

2.15க்கு ஐஸ் மண்டப வாசலில் நின்றோம். போட்டி மூன்று மணிக்கு. உள்ளே சூடாக இருக்கும் என்று நினைத்து நான் மெல்லிய காலுறை போட்டிருந்தேன், அது பெரிய பிழை. ரிக்கற் கிழிக்கும் பெண் அன்று விளையாடுபவர்களின் பட்டியலைத் தந்தார். இருபத்திரண்டு பெயர்கள் இருந்தன. அண்ணாவின் இலக்கம் பதினேழு. பதினாறு இருந்தது, பதினெட்டு இருந்தது. தாளைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் கார் டயர் விளம்பரம்.

"அங்கை பார்!" என்றார் அப்பா.

படியில் நிரூ அண்ணா இறங்கி வந்துகொண்டிருந்தார். கடும்நீலக் கோட் சூட், கழுத்தில் ரை, கையில் தாள் செருகிய ஓர் அட்டையும் பேனாவும்.

"பாத்தியே! மூண்டு மாதத்திலை நிர்வாகத்துக்கு எடுத்திட்டாங்கள்" என்றார் அப்பா.

என் கொப்பியின் ஒன்பதாம் பக்கத்தில் வேறு விதமாக எழுதியிருந்தது. அன்றைய ஆட்டத்தில் சேர்க்கப்படாத வீரர்கள் கோட் சூட்டோடு வந்து மேலேயிருந்து பார்ப்பார்கள். நான் அதை அப்பாவிடம் சொல்லவில்லை. ஏதாவது காயமாக இருக்கும் என்று நினைத்து அண்ணாவின் கையையும் காலையும் பார்த்தேன். நன்றாகத்தான் நடந்தார்.

"இண்டைக்கு மேலையிருந்துதான் பாக்கிறன் சித்தப்பா."

"ஓமோம், பெரிய ஆக்கள் மேலையிருந்துதானே பாக்கிறது" என்றார் அப்பா பெருமையாக.

போட்டி தொடங்கியது. இருபது நிமிடம் கொண்ட மூன்று பகுதிகள். ஒவ்வொரு அணியிலும் ஆறு பேர் பனியில் நிற்பார்கள் என்பது புத்தகத்தில் இருந்தது. அந்த ஆறு பேரில் கோல்காப்பாளரைத் தவிர மற்றவர்கள் நிமிடத்துக்கொருமுறை வேலியைத் தாண்டிக் குதித்து ஆள் மாறுவார்கள் என்பதும் இருந்தது. ஆனால் ஆட்டம் நிற்காமலே மாறும்போது யார் யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பந்துக்குப் பதிலாக இருக்கும் கறுப்பு வட்டு எங்கே போனது என்று நான் தேடி முடிப்பதற்குள் எல்லோரும் எழுந்து கத்தினார்கள். அப்பாவும் எழுந்து கத்தினார். அது எதிரணியின் கோல்.

முதல் இடைவேளையில் அப்பா கோப்பி வரிசைக்குப் போனார். அண்ணாவுக்கு நோர்வே மொழியான நொஷ்க் தெரியாது, எனக்கு ஆங்கிலம் பேச வெட்கம். அதனால் எங்கள் இருவருக்கும் தமிழ்தான்.

"அண்ணா, உங்கடை பேர் லிஸ்ற்றிலை இல்லை."

"பாத்திட்டியா?" என்று சிரித்தார். "என்னை எடுக்காத மூண்டாவது மாட்ச் இது. வியாழக்கிழமை கோச் கூப்பிட்டுக் கதைச்சவர். கிறிஸ்மஸோடை சரி. பின்லாந்திலையிருந்து வேறை ஒராள் வாறார்."

"நீங்கள்தானே அங்கை கூடக் கோல் அடிச்சது?"

"அங்கை ஐஸ் ஒடுக்கம், உடனை அடிக்கோணும். இஞ்சை அகலம், வைச்சிருந்து யோசிச்சுக் குடுக்கோணும். நான் யோசிக்கத் தொடங்கினா லேற்."

"அதுதானோ காரணம்?"

"அப்பிடித்தான் எனக்கு நானே சொல்லிக்கொள்ளுறன். உண்மையா எனக்கும் விளங்கேல்லை ஆரணி."

நான்கு வருடம் விளையாடி ஆளுயரப் படமாக இருப்பவருக்கே விளங்காதது, பதினொரு பக்கக் குறிப்பில் எப்படி இருக்கும்?

"அம்மாக்குத் தெரியாது" என்றார். "ஒவ்வொரு கிழமையும் நல்லா விளையாடினன் எண்டு சொல்லிக்கொண்டிருக்கிறன். சித்தப்பாட்டைச் சொல்லிப்போடாதை."

அவருடைய அட்டையில் கோடு போட்ட தாள் இருந்தது. தன் அணி கோலை நோக்கி எத்தனை முறை அடிக்கிறது என்று புள்ளடி போடுவது அன்றைக்கு அவருக்குத் தந்த வேலை. இரண்டாம் பகுதியில் பேனாவை என்னிடம் தந்தார். அவர் "இப்ப" என்று சொல்லும்போது நான் புள்ளடி போட்டேன். ஆட்ட முடிவில் மொத்தம் முப்பத்தொன்று. அதில் இரண்டுதான் கோல். ஒவ்வொரு "இப்ப"வுக்கும் அவருடைய வலது தோள் தானாக ஒருமுறை அசைந்தது.

5.20க்கு ஆட்டம் முடிந்தது. இரண்டுக்கு மூன்று என்று தோற்றார்கள். அப்பா தோல்வியைக் கணக்கெடுக்கவில்லை. உடைமாற்றும் அறைக்கு வெளியே, ஈரமான ரப்பர் விரிப்பில் நின்றுகொண்டு பெரியம்மாவை வீடியோவில் அழைத்தார். ரொறன்ரோவில் அப்போது காலை பதினொன்றரை. போனை என்னிடம் தந்து, பையிலிருந்து பொன்னாடையை உதறி எடுத்தார். அண்ணா என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வது என்று தெரியாமல் போனை நேராகப் பிடித்தேன்.

"நிர்வாகத்திலை இடம் பிடிச்ச எங்கடை மருமோன்..." என்று தொடங்கிய அப்பா, முறை பிழைத்ததை உணர்ந்து, "எங்கடை பெறாமகன் நிரோஷனுக்கு" என்று திருத்திப் போர்த்திவிட்டார்.

அந்த நேரம் கதவு திறந்து அணியினர் வெளியே வந்தார்கள். அண்ணா போகப்போவது அவர்களுக்குத் தெரியும். சிவப்புச் சால்வையைப் பார்த்தார்கள், அப்பா கைகூப்பி நிற்பதைப் பார்த்தார்கள். எங்கள் ஆட்களின் பிரியாவிடை இதுதான் என்று நினைத்திருக்கவேண்டும். ஒருவர் தன் ஹொக்கி மட்டையின் நுனியால் நிலத்தில் தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினார்கள். ஹொக்கிக்காரர் மரியாதை செய்வது அப்படித்தான், அது ஆறாம் பக்கம். நடைவழி முழுவதும் அதிர்ந்தது. அப்பா அதை வரவேற்பு என்று எடுத்துக்கொண்டு எல்லோருக்கும் கைகொடுத்தார்.

சத்தம் அடங்கியதும் அண்ணா போனுக்குக் கிட்ட வந்தார்.

"அம்மா, நான் இண்டைக்கு விளையாடேல்லை. போன கிழமையும் விளையாடேல்லை."

"தெரியும்" என்றார் பெரியம்மா. "அந்த லிஸ்ற் இஞ்சையும் போனிலை வருது. மூண்டு கிழமையாப் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்."

"பிறகேன் சித்தப்பாவை மாட்ச் பாக்க அனுப்பினீங்கள்?"

"மாட்ச் பாக்க ஆர் அனுப்பினது? உன்னைப் பாக்கத்தான் அனுப்பினனான். அந்தச் சால்வையைக் கழட்டாதை, அங்கை குளிர்."

அப்பா என்னைப் பார்த்து, "என்ன பிள்ளை நடக்குது?" என்று கேட்டார். பஸ்ஸில் எல்லாவற்றையும் விளக்கினேன். ரயிலில் ஏறியதும், "எண்டாலும் அந்தப் பொடியள் நல்ல பொடியள்" என்றார்.

அடுத்து எங்கே போவது என்று அண்ணா இன்னும் முடிவெடுக்கவில்லை. இந்தப் பதிவை வாசித்து, போடச் சொன்னார். வேறு நாட்டில் விளையாடும் உறவினரைப் பார்க்கப் போகிறவர்களுக்குச் சில தகவல்கள்: கம்பளிக் காலுறை இரண்டு சோடி கொண்டுபோங்கள். சனிக்கிழமை மாலை அந்தப் பக்கத்தில் மணிக்கு ஒரு பஸ்தான். அணிப் பட்டியல் போட்டிக்கு ஒரு மணித்தியாலம் முன்பே கழகத்தின் இணையப் பக்கத்தில் வந்துவிடும், கிளம்பும் முன் அல்லது வழியில் பாருங்கள். நீங்கள் பார்க்கப் போகிறவரின் பெயர் அதில் இருந்தால், போவது உங்கள் விருப்பம். இல்லாவிட்டால் கட்டாயம் போங்கள்.