எல்லைக்கல் ஓரத்து ஆவாரை

உப்பு வாங்கினால்கூட, மணல் கலந்திருக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் காசை நீட்டுவாள் கோவிந்தம்மா. வடக்குப்பட்டில் அவளுக்கு அப்படி ஒரு பேர். புருஷன் போன பிறகு அவளுக்கு மிஞ்சியது அறுபது சென்ட் மானாவாரி நிலம். 1991-ல் ஒரகடம் பக்கம் நிலம் கேட்டு புரோக்கர்கள் ஸ்கூட்டரில் சுற்ற ஆரம்பித்ததும், அவள் கண் பக்கத்து நிலத்துக்காரர் தணிகாசலத்தின் மேலேயே நின்றது.

கல்லை எவன் வேண்டுமானாலும் பெயர்த்து நடுவான். ஆணிவேர் இறங்கிய ஆவாரையை நகர்த்த முடியுமா? அதற்காகவே முந்தின வருஷ ஐப்பசி மழையில், எல்லைக்கல்லில் இருந்து வரப்பு நெடுக ஆவாரை விதை போட்டிருந்தாள். ஆடு வாய் வைக்காது, தண்ணீரும் கேட்காது. மாசி வெயிலில் ஊரே காய்ந்து கிடக்க, அந்த வரிசை மட்டும் மஞ்சளாகப் பூத்து நின்றது. கருவண்டும் தேனீயும் மொய்த்தன.

ஆனால் கல்லை ஒட்டிய இரண்டு செடிகளில் இலை பழுத்து உதிர்ந்தது. மருந்து வைக்கிறான் என்று முடிவே கட்டிவிட்டாள். மறுநாள் விடிந்ததும் ஈச்சம் புதருக்குப் பின்னால் போய்க் குந்தினாள். தணிகாசலம் செம்போடு வந்து அந்த இரண்டு செடிகளின் வேரில் ஊற்றினார்.

"யோவ்! இன்னாத்த ஊத்துற?"

தணிகாசலம் திடுக்கிட்டார். "தண்ணிதான் தங்கச்சி. போன வருசம் என் பூசணியில ஒரு பிஞ்சு நிக்கல. இப்ப உன் செடிக்கு வர்ற வண்டு என் பூவுலயும் பூந்து எழுந்துக்கினு போவுது. கொடி பூரா காய் கீது. அதான்..."

செம்பைப் பிடுங்கி மோந்து பார்த்தாள். கிணற்றுத் தண்ணீரேதான். அப்போதும் நம்பவில்லை. மடியில் கனமில்லாதவன் எதற்கு ஆளில்லாத நேரமாகப் பார்த்து வருகிறான்? அலையாய் அலைந்து சர்வேயரைக் கூட்டி வந்துவிட்டாள்.

அவர் சங்கிலி போட்டு இரண்டு தரம் அளந்தார். கல் தணிகாசலத்தின் நிலத்துக்குள் இரண்டு முழம் போயிருந்தது. அதை ஒட்டிப் போட்ட ஆவாரையும் கூடவே. கோவிந்தம்மாவுக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை. கல்லை நகர்த்தி நட்டது செத்துப்போன தன் புருஷன்தான், வேறு யார்?

"உனக்கு முன்னாடியே தெரியுமாண்ணா?"

"உன் வூட்டுக்காரரு நட்ட அன்னிக்கே தெரியும்."

"அப்ப ஏன் வாயத் தொறக்கல?"

"ரெண்டு முழத்துக்கு சண்ட இன்னாத்துக்குன்னு அப்ப வுட்டுட்டேன். இப்ப சொன்னா, நீ கோவத்துல செடிய வெட்டிப்புட்டா?"

அன்று சாயங்காலமே கல் பழைய இடத்துக்குத் திரும்பியது. ஆவாரை அவர் பக்கத்திலேயே நின்றது.

"அதுக்குத் தண்ணி மட்டும் ஊத்தாதண்ணா, வேரு அழுகிடும்" என்று சொல்லிவிட்டுப் போனாள் கோவிந்தம்மா. போனவள், மறுநாள் விடிந்ததும் அவர் ஊற்றுகிறாரா என்று பார்க்க ஈச்சம் புதருக்குப் பின்னால் வந்து குந்திக்கொண்டாள்.