லாரி ஏத்திட்டு ஆடப் போன ராமுத்தாய்

ராமுத்தாய் என் வீட்டுக்காரரோட தங்கச்சி. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரே பட்டாசுக் கம்பெனியில ரெண்டு பேரும் வெடிக்கு டப்பா ஒட்டிக்கிட்டு இருந்தோம். அவ கபடிக்காரி. கூட வேலை பாக்குற பிள்ளைகளையே சேத்து ஒரு டீம் வச்சிருந்தா. அவ கபடி கபடின்னு பாடிப் போனான்னா யாரையாச்சும் தொடாம திரும்ப மாட்டா. பொம்பளப் பிள்ளைக்கு என்ன ஆட்டம்னு வீட்ல ஏசுற எங்க மாமியாளே, மேட்ச் நடக்குற எடத்துக்கு வந்து கூட்டத்துல நின்னு கத்தும்.

அந்தப் பிள்ளைக்கு ஒரு கோட்டி, கிறுக்குன்னே வச்சுக்கோங்க. மேட்ச் அன்னிக்குக் காலையில டீமையே கண்மாய்க்கரைக்கு இழுத்துட்டுப் போயிருவா. கொஞ்சம் வேகமா ஓட்டம், கொஞ்சம் குதி, ரெண்டு தடவ பாடிப் பாக்குறது. உடம்பு சூடேறுனதும் போதும்னு நிப்பாட்டிருவா. பெறகு கஞ்சியக் குடிச்சிட்டுப் படுக்கணும். ஊருல எல்லாரும் மேட்ச் அன்னிக்குக் கையக் கால அசைக்கவே கூடாதும்பாக. இவ கேட்டாத்தானே!

"லீவு நாள்ல படுத்தே கெடந்துட்டு ஆடப் போனா காலு கட்டையாட்டம் இருக்கு மதினி. காலையில கம்பெனி வேனைப் பிடிக்க ஓடுன அன்னிக்குச் சாயங்காலம் பறக்குது. நானே பாத்துட்டேன்"னா.

பிள்ளைக முனங்கிக்கிட்டே ஓடுச்சுக. அந்த வருசம் போன எடமெல்லாம் ஜெயிச்சுட்டும் வந்துச்சுக.

போர்மேன் மாரிசாமி ஒருநாள், "எப்பிடி புள்ள ஜெயிக்கீக?"ன்னு சிரிச்சுக்கிட்டே கேட்டாரு. இந்தக் கூறுகெட்டவ வாயப் பொத்திக்கிட்டு இருக்கக் கூடாது? எல்லாத்தையும் வெள்ளந்தியா ஒப்பிச்சுட்டா.

ரெண்டாயிரத்தாறு, தீபாவளி சீசன். சாத்தூர்ல பைனல். விளையாட்டு விடுதிக்கு ஆள் எடுக்க வாராகன்னு பேச்சு. எடுத்துட்டா தங்குறது, சாப்பாடு, படிப்பு எல்லாம் அவுக பொறுப்பு. வெடிமருந்து வாடையே இல்லாம பிழைச்சுக்கலாம். வயசுக் கணக்குல ராமுத்தாய்க்கு அதுதான் கடைசி வருசம். அன்னிக்கு விட்டா விட்டதுதான்.

சீசன்ல லீவு ஏது? மேட்ச் அன்னிக்கும் காலையில வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போங்கன்னாரு போர்மேன். போனா வாசல்ல லாரி நிக்குது, லோடுமேன் ஒருத்தனையும் காணோம்.

"காலையில உடம்ப அசைச்சாத்தான் ஜெயிப்பீகளாமே? அந்தப் பெட்டிகள ஏத்துங்க. கூலியும் தாரேன்"னாரு.

"அது வேற, இது வேற அண்ணாச்சி"ன்னா ராமுத்தாய். யாரு கேக்கா? டீம்ல வள்ளித்தாய்னு ஒருத்தி, "கொஞ்சூண்டு ஓடுனதுக்கே ஜெயிச்சோம், இம்புட்டுத் தூக்குனா இன்னும் நல்லதுதானே"ன்னு முந்தானையச் சொருகிட்டா. எனக்கு வந்த ஆத்திரத்துல அவ மண்டையில ஒண்ணு போடலாமான்னு இருந்துச்சு. மத்த பிள்ளைகளும் அவ பின்னால போயிருச்சுக. லாரி நெறையாம யாரையும் வெளிய விட மாட்டாருன்னு தெரிஞ்சதும், ராமுத்தாய் சீக்கிரம் முடிக்கணும்னு ரெண்டாள் வேலைய ஒத்தையாப் பாத்தா. நானும் தூக்குனேன். லாரி கெளம்பயில வெயில் உச்சிக்கு வந்துருச்சு.

சாயங்காலம் மொத தடவ பாடிப் போயி ஒருத்தியத் தொட்டா. அம்புட்டுத்தான். அடுத்து போனப்ப குனிஞ்சவளுக்கு நிமிர முடியல, காலப் பிடிச்சு அமுக்கிட்டாளுக. அப்புறம் போனப்ப எல்லாம் அதே கதை. ஆள் எடுக்க வந்தவுக எதிர் டீம்ல ஒரு பிள்ளையோட பேர எழுதிக்கிட்டுப் போயிட்டாக. இவ பின்னாலயே ஓடி, "சார், இன்னொரு நாள் பாருங்க சார்"ன்னா. அந்தாளு, "கால்ல வேகமே இல்லையேம்மா"ன்னுட்டு ஜீப்ல ஏறிட்டாரு.

திங்கக்கிழமை கம்பெனியில போர்மேன், "என்ன புள்ள, ஒன் வைத்தியம் பலிக்கலையா?"ன்னாரு. பிள்ளைக சிரிச்சுச்சுக. "இவ பேச்சக் கேட்டு ஓடித்தான் காலு போச்சு"ன்னு வள்ளித்தாய் வேற. பாவி மக! நான் நல்லா நாலு கேள்வி கேட்டேன்.

திரும்பி வரும்போது வேன்ல எம் பக்கத்துல உக்காந்தா.

"மதினி, நான் சொன்னது தப்பா?"

"தப்பே இல்ல தாயி. நீ சொன்னது சரிதான்."

"அந்தப் போர்மேன்ட்டச் சொல்லாம இருந்திருந்தா எனக்கு எடம் கெடச்சிருக்கும்லா?"

இல்லன்னு பொய் சொல்ல எனக்கு வாய் வரல. ஆமான்னுட்டேன்.