அப்பத்தா கொடுத்த இழை

பிள்ளையார் நோன்பு நெருங்கிவிட்டால் எங்கள் அலமேலு அப்பத்தாவைப் பிடிக்க ஆளில்லை. வயது எண்பது. கார்த்திகை தீபம் முடிந்த மறுநாளே வாட்ஸ்அப்பில் குரல் பறக்கும். "எல்லாரும் கெலுகோர் வீட்டுக்கு வந்துரணும். லீவு இல்லன்னு எவனாச்சும் சொன்னா, அவன் பாஸ் நம்பரக் குடுங்க, நான் பேசுறேன்." ஒருமுறை நிஜமாகவே பேசிவிட்டாராம். என் கணவர் கார்த்திகேயனின் பாட்டி அவர். நான் குமுதா, அந்த வீட்டுக்கு வந்து முதல் நோன்பு.

பதினெட்டு வயதில் காரைக்குடியில் கல்யாணம் முடித்துக் கப்பலில் கடல் தாண்டி இந்தக் கெலுகோருக்கு வந்து இறங்கியவர். தாத்தா தொழிலுக்காக ஊர் ஊராகச் சுற்ற, இங்கே முதல் நோன்புக்கு இவர் தனியாள். இழை எடுத்துத் தருவது வீட்டில் மூத்தவர் வேலை. "நான்தான் மூத்தவ, நான்தான் இளையவ" என்று தானே எடுத்துக்கொண்டாராம். தாத்தா போன பிறகும் அவர்தான். ஆம்பிளைதான் கொடுக்க வேண்டும் என்று ஒரு பெரியவர் முணுமுணுத்ததற்கு, "சரி, அப்ப மாவையும் நீங்களே பெசைங்க" என்றாராம்.

இழை என்பது புது வேட்டியில் உருவிய நூல்களைத் திரித்த சின்னத் திரி. வெல்லம் சேர்த்த அரிசிமாவில் செருகி, நெய்யில் தோய்த்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வதுதான் இழை எடுப்பது. செட்டியார் வீட்டுப் பழக்கம். நானோ செட்டியார் வீட்டுப் பெண்ணில்லை, தாசேக் கெலுகோர் என்ற வேறு ஊர்க்காரி; அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். நெருப்பைத் தின்ன எனக்குப் பயமில்லை. எனக்கு இழை உண்டா என்பதுதான் பயம். காரணம், அப்பத்தாவின் மகள் ஜெயந்தி நோன்பன்று மாலை என் காதுபடவே கேட்டார்: "குமுதாவுக்கும் குடுப்பீங்களா ஆத்தா?" அப்பத்தா காதில் விழாததுபோல் நூலைத் திரித்துக்கொண்டிருந்தார்.

இரவு இழை எடுக்க அப்பத்தா வயது வரிசையில் கூப்பிட்டார். மாமனார் போனார், ஜெயந்தி அத்தை போனார், கார்த்தி போனார். அடுத்தது நான்தானே என்று சேலையைச் சரிசெய்துகொண்டு ஓரடி வைத்தேன்.

"அருண், நீ வா."

அருண் என் கொழுந்தன், என்னைவிடச் சின்னவன். சுருக்கென்றது. கோபம் வந்தால் எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வரும், சனியன். பொடிசுகள் வரை எல்லோரும் எடுத்து முடித்தார்கள். நான் அடுப்படிப் பக்கம் நழுவினேன்.

"எங்கடி ஓடுற? இங்க வந்து உக்காரு."

"பரவால்ல அப்பத்தா. எனக்கு இல்லன்னா இல்லதான் லா." கோபத்தில் எங்கள் ஊர்ப் பேச்சு 'லா' தானாக வந்து ஒட்டிக்கொண்டது.

"இல்லன்னு நான் சொன்னேனா?"

உட்கார்ந்தேன். ஒன்றை ஏற்றி நீட்டினார், வாங்கி வாயில் போட்டேன். சூடு தெரிவதற்குள் வெல்லம் கரைந்துவிட்டது. எனக்கு வந்த சந்தோஷத்தில் எழுந்து ஆடியிருப்பேன். அதற்குள் இன்னொன்றை ஏற்றினார்.

"எனக்குக் குடுத்துட்டீங்களே அப்பத்தா."

"அது ஒனக்கு. வயித்துல இருக்கிற ஆளுக்கு யாரு எடுக்கிறது?"

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. மூன்று மாதம் போகட்டும் என்று நாங்கள் ஒருவருக்கும் மூச்சு விடவில்லை. நான் கார்த்தியை முறைத்தேன். "சத்தியமா நான் சொல்லல" என்றார் அவர்.

"இவன் என்னத்தச் சொல்றது? தாளிக்கிற வாசத்துக்கு நீ பாத்ரூமுக்கு ஓடினத நான் பாக்கலன்னு நெனச்சியா? ரெண்டு எடுக்கிறவ நிதானமா எடுக்கணும், அதான் கடைசியில வச்சேன்." பிறகு மகள் பக்கம் திரும்பினார். "குடுப்பீங்களான்னு கேட்டியே ஜெயந்தி. ரெண்டு குடுக்கிறேன், பாத்துக்க."

ஜெயந்தி அத்தை எழுந்து வந்து, கண்ணில் விழுந்த என் முடியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் வாயைத் திறந்தேன்.