கையை ஊன்றாமல்

அடுப்பில் பால் ஏறுகிறது; கண்டக்டரம்மா குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குகிறார். பால் வழிந்தால் வழியட்டும், பயிற்சி நிற்காது. பிடிவாதக்காரர்களை ஒற்றைக்காலில் நிற்கிறார்கள் என்போமே, இவர் பல் துலக்கும்போது நிஜமாகவே அப்படித்தான் நிற்பார். டி.வி.யில் விளம்பரம் வந்துவிட்டால் ஒரே குஷி. நாற்காலியிலிருந்து எழுவார், உட்காருவார், மறுபடி எழுவார்.

"நாடகம் சீக்கிரம் முடிஞ்சு விளம்பரம் வராதான்னு பாத்துக்கிட்டிருக்கிற ஒரே ஆள் நான்தான்!"

ஓடுகிற பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று, பணி ஓய்வு வரை டிக்கெட் கொடுத்த கால்கள் அவை. போன வருடம் மாடிப்படியில் உருண்டுவிட்டார். எல்லோரும் முழங்காலைத்தான் திட்டினார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். குற்றவாளி புதுக் கண்ணாடி. படிப்பதற்கான அதன் கீழ்ப்பாதி வழியாகக் குனிந்து பார்த்ததில் படியின் விளிம்பு மங்கிப்போயிருந்தது. சட்டென்று எழுந்தால் தலையைச் சுற்றவைக்கிற பிரஷர் மாத்திரையும் அதற்கு உடந்தை. கண்ணாடியை மாற்றினார்கள், மாத்திரையின் அளவை டாக்டர் குறைத்தார். ஆனால் அதற்குள், மறுபடி விழுந்துவிடுவோமோ என்று படுத்தே கிடந்ததில் தொடை வற்றிப்போயிருந்தது.

"பயந்து படுத்தேன். படுக்கப் படுக்க இன்னும் பயந்தேன். நல்ல கூத்து!"

பேங்கில் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்க்கும் மகன் கறாராகச் சொல்லிவிட்டான். "மூணாவது மாடியில தனியா இருந்தது போதும்மா. என் வீட்டுக்கு வந்துடு."

சொந்தச் சம்பளத்தில் வாங்கிய வீடு, ஜன்னலைத் திறந்தால் பஸ் ஸ்டாண்டு. விடுவாரா? பேரம் நடந்தது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து, வாசல்வரை நடந்து திரும்பி வந்து உட்கார வேண்டும். ஊன்றினால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

இன்றுதான் அந்தப் பரீட்சை. பிசியோதெரபிப் பெண் வந்திருக்கிறாள். கண்டக்டரம்மா கைகளை மார்பில் கட்டிக்கொண்டார். நெஞ்சு படபடக்கிறது. அட, பயத்தால் இல்லை, முதல் நாள் டியூட்டிக்குப் போன அதே படபடப்பு.

"பாதத்த உள்ள இழுத்துக்கோங்கம்மா. நல்லா முன்னால சாய்ங்க."

பாதி எழுந்ததும் தொடை நடுங்கியது. மகன் பாய்ந்து வந்தான்.

"தொடாதடா!"

எழுந்தேவிட்டார்! வாசலைத் தொட்டார், திரும்பினார், வந்து மெல்ல அமர்ந்தார். அந்தப் பெண் கைதட்டினாள். "இங்கயே இருங்கம்மா, யாரு உங்கள அசைக்கிறது!" கண்டக்டரம்மாவுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்தே வந்தன. அந்த நிமிடம் அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

மகனுக்குத்தான் முகம் வாடிவிட்டது. "இது என்னம்மா பெரிய விஷயம், யாரு வேணா செய்யலாம்" என்று அம்மாவை எழச் சொல்லிவிட்டு அதே நாற்காலியில் அமர்ந்து கைகளைக் கட்டிக்கொண்டான். முன்னால் சாய்ந்தான். கொஞ்சம் எழும்பிப் பொத்தென்று விழுந்தான். மூச்சைப் பிடித்து மறுபடி முயன்றான். நாற்காலிதான் கிறீச்சிட்டது.

பிசியோதெரபிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்டக்டரம்மா சிரிக்கவில்லை. அவன் எதிரில் போய் இரண்டு காலையும் அகட்டி நின்று, தன் கையை நீட்டினார்.